லவ் ஹினா கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஸ்பெஷலைப் பற்றிப் பேசுகிறோம்?

கென் அகமாட்சு எழுதி வரைந்த 'லவ் ஹினா' மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) வைத்து எடுக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று டிவி டோக்கியோவில் ஒளிபரப்பான அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ஸ்பெஷல். துணைத்தலைப்பு 'சைலண்ட் ஈவ்'. நீளம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதே ஆண்டு ஏப்ரல் 19 முதல் செப்டம்பர் 27 வரை 24 எபிசோட்களாக ஓடிய தொடரின் அதே குரல் கலைஞர்கள்தான் இதிலும். தொடர் முடிந்து மூன்று மாதம் ஏங்கிக்கொண்டிருந்த ரசிகர்களுக்குப் பண்டிகைப் பரிசாக வந்தது. அந்த ஏக்கத்துக்கு ஈடான அளவுக்கு அது இல்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

மங்காவே படித்ததில்லை. கதை என்ன?

கெய்டாரோ உராஷிமா சின்ன வயதில் மணல்தொட்டியில் ஒரு சிறுமியோடு விளையாடும்போது, இருவரும் பெரியவர்களானதும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சேர வேண்டும் என்று வாக்குக் கொடுக்கிறான். பதினைந்து வருடம் கழித்து அந்தச் சிறுமியின் பெயர் நினைவில்லை, முகம் நினைவில்லை. வாக்கு மட்டும் நினைவில் இருக்கிறது. நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றவன், வீட்டைவிட்டுக் கிளம்பிப் பாட்டி நடத்தும் வெந்நீர் ஊற்று விடுதிக்கு வந்து சேர்கிறான். வந்த பிறகுதான் தெரிகிறது, அது இப்போது பெண்கள் தங்கும் விடுதி. பாட்டி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவன் தலையில் விழுகிறது.

அங்கே தங்கியிருப்பவர்களில் முக்கியமானவள் நரு நருசெகாவா. அவளும் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் படிக்கிறாள். வாள்பயிற்சி செய்யும் மோடோகோ, எல்லோருக்கும் சமைத்துப் போடும் பள்ளிச் சிறுமி ஷினோபு, எதையாவது கண்டுபிடித்து வெடிக்க வைக்கும் ஸூ, குடியும் சூதாட்டமுமாக இருக்கும் கிட்சுனே, பிறகு வந்து சேரும் ஒகினாவாப் பெண் முட்சுமி என்று ஒரு கூட்டமே உண்டு. அந்தச் சிறுமி யார் என்ற கேள்வியும், தேர்வில் தேறுவார்களா என்ற கேள்வியும் சேர்ந்தே கதையை இழுத்துக்கொண்டு போகின்றன.

உண்மையிலேயே அவ்வளவு பிரபலமா?

ஆமாம். கோடான்ஷா பதிப்பகத்தின் வார இதழான 'ஷோனென் மேகசின்'-இல் 1998 அக்டோபர் முதல் 2001 அக்டோபர் வரை வந்தது. மொத்தம் 14 தொகுதிகள். 2001இல் கோடான்ஷா மங்கா விருதை, சிறுவர் இதழ்ப் பிரிவில் பெற்றது. ஒரு பையனைச் சுற்றி நிறையப் பெண்கள் என்ற வகைக் கதைகள் அதற்கு முன்பும் உண்டுதான். ஆனால் அதற்குப் பின் வந்த பல கதைகள் இதன் அச்சிலேயே வார்க்கப்பட்டவை.

அந்தப் பிரபலத்துக்குக் குளியல் காட்சிகள்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் தொகுதியை விற்க அது உதவியிருக்கலாம். 14 தொகுதி வரை வாசகரை இழுத்து வந்தது வேறு ஒன்று என்றே நினைக்கிறேன். கெய்டாரோவுக்கு பூரிகுரா சாவடியில் படம் எடுத்துக்கொள்வது பொழுதுபோக்கு. நண்பர்களும் காதலர்களும் ஒட்டி நின்று எடுத்து, ஸ்டிக்கராக நோட்டில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் படங்கள் அவை. இவன் நோட்டைத் திறந்தால் ஒவ்வொரு படத்திலும் இவன் மட்டும். அந்த நோட்டைப் பார்த்த வாசகருக்கு இவன் யார் என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, கூரையில் இருக்கும் ஓட்டை. நருவின் அறை கெய்டாரோவின் அறைக்கு நேர் மேலே. நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிடுகிறது. அதை ஒரு பெரிய பொம்மையை வைத்து மூடி வைக்கிறார்கள். சண்டை, சமாதானம், கணக்குச் சந்தேகம், தூக்கம் வராத இரவில் ரெண்டு வார்த்தை என்று எல்லாமே அந்த ஓட்டை வழியாகத்தான். இவர்கள் காதல் வளர்வது கடற்கரையிலோ பூங்காவிலோ இல்லை, மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் விடிய விடியப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இடையில்.

தேர்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

ஜப்பானில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர, அந்தக் காலத்தில் ஜனவரி நடுவில் நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். அதைத் தாண்டினால் பிப்ரவரி கடைசியில் அந்தந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டாம் கட்டத் தேர்வு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முடிவு மார்ச் 10 அன்று வரும். வளாகத்தில் பலகை வைத்துத் தேறியவர்களின் பதிவு எண்களை ஒட்டுவார்கள். கூட்டத்தில் முண்டியடித்து உங்கள் எண் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மார்ச் வரை காத்திருப்பு. அப்படி எந்தக் கல்லூரியிலும் சேராமல் மறுபடி தேர்வுக்குப் படிப்பவர்களைத்தான் ரோனின் என்கிறார்கள்.

லவ் ஹினாவின் சிரிப்பு எல்லாம் இந்த நாள்காட்டியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அசட்டுச் சண்டைக்குப் பின்னாலும் எத்தனை நாள் மிச்சம் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாடு தழுவிய மாதிரித் தேர்வில் முதலிடம் பெற்ற நருவே முதல் தடவை தோற்றுப்போகிறாள் என்னும்போது, இது விளையாட்டுக் கதை இல்லை என்று புரிந்துவிடும்.

கிறிஸ்துவர்கள் குறைவான நாட்டில் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் எதற்கு?

அங்கே அது கிட்டத்தட்ட காதலர் தினம். டிசம்பர் 25 அரசு விடுமுறை கூட இல்லை. 24ஆம் தேதி இரவுதான் முக்கியம். ஜோடியாக விளக்கு அலங்காரம் பார்க்கப் போவார்கள், உணவகத்தில் முன்கூட்டியே மேசை பிடித்து வைப்பார்கள், ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்த கேக் வாங்குவார்கள். கேஎஃப்சி 1974இல் தொடங்கிய விளம்பரத்தால் வறுத்த கோழியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்த இரவில் ஜோடி இல்லாமல் இருப்பது இளைஞர்களுக்கு உறுத்தும். அதனால் காதல் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு இது கை மேல் கிடைத்த நாள்.

ஒளிபரப்பிய நாளைப் பற்றி ஒரு வார்த்தை. 24 இரவைப் பற்றிய கதையை 25ஆம் தேதி காட்டினார்கள். அங்கே 25 முடிந்ததும் கடைகளில் கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்துவிட்டுப் புத்தாண்டு மூங்கில் அலங்காரத்தை வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்க வேண்டிய படம்.

சரி, ஸ்பெஷலின் கதை என்ன?

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் காதலைச் சொன்னால் அது கைகூடும் என்று ஒரு வதந்தி. நருவுக்குக் கெய்டாரோ மேல் மனசு இருக்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. இந்த இரவிலாவது சொல்வாளா? படம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

அதில் என்ன குறை? கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் உரிமை படத்துக்கு இல்லை. 2000 டிசம்பரில் மங்கா இன்னும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. இந்த இருவரும் எப்போது, எப்படி ஒன்று சேர்வார்கள் என்பதுதான் இதழை வாங்க வைக்கும் விஷயம். அதைத் தொலைக்காட்சியில் முக்கால் மணி நேரப் படம் ஒன்று தீர்த்துவைக்க எந்தப் பதிப்பகமும் விடாது. அதனால் நரு சொல்ல வருவதும் தயங்குவதுமாகக் கதை நகர்கிறது. நடுவில் ஏதாவது குறுக்கிடுகிறது. அவள் எங்கே போய் நிற்க முடியும், எங்கே நிற்க முடியாது என்பது பாதிப் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு பதற்றம் எங்கிருந்து வரும்?

இது ஒரு காரணம். பண்டிகைக்கு வரும் ஸ்பெஷல்கள் பலவற்றுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு, அதை மட்டும் வைத்து இந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. டிசம்பர் 24 என்றால் பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். மறுபடி தேர்வெழுதும் ஒருவனுக்கு வருடத்திலேயே மோசமான நாட்கள் அவைதான். ஊர் முழுக்க விளக்கு, ஜோடிகள், பாட்டு. இவனோ மேசையில் குனிந்து பழைய வினாத்தாளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேல் மாடியில் அவளும் அப்படித்தான். இந்த உலகத்தில் கிறிஸ்துமஸ் கதை என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு அறைகளில்தான் இருக்கிறது. வெளியே போகலாமா, போனால் நாளைக்கு வருந்துவோமா, ஒரு மணி நேரம் மட்டும் போய்வரலாமா, கேட்டால் அவள் என்ன நினைப்பாள், கூரை ஓட்டை வழியாக ஒரு துண்டுக் கேக்கை நீட்டினால் போதுமா? இவர்களுக்கு ஒரு மணி நேரம் என்பதே பெரிய பரிசு. இதை வேறெந்தக் காதல் கதையாலும் சொல்லியிருக்க முடியாது, லவ் ஹினாவால் முடிந்திருக்கும்.

படம் இதைத் தொடாமலே போகிறது. தேர்வு பின்னால் எங்கோ போய்விடுகிறது. அதற்குப் பதில் வதந்தி, மந்திர இரவு, நகரத்து விளக்குகள். கெய்டாரோவையும் நருவையும் எடுத்துவிட்டு வேறெந்த ஜோடியை வைத்தாலும் பொருந்துகிற கதையாகிவிட்டது.

மற்ற பாத்திரங்கள்?

விடுதிக்காரர்களை நேசித்துத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இங்கே தீனி குறைவு. குறிப்பாக ஷினோபு. அவளுக்கும் கெய்டாரோ மேல் சொல்லப்படாத அன்பு உண்டு. மங்கா அதைத் தொடக்கத்திலிருந்தே மென்மையாகக் கையாள்கிறது. எல்லோரும் நருவின் பதிலுக்காகக் காத்திருக்கும் ஓர் இரவில், சமையலறையில் நிற்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தோன்றும் என்று ஒரு காட்சி இருந்திருந்தால் படத்தின் எடையே வேறாகியிருக்கும்.

பாராட்ட ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. நருவுக்குக் குரல் கொடுத்த யுய் ஹோரியேவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாத்திரங்களில் நருவும் ஒன்று. கோபத்தில் தொடங்கி அதே மூச்சில் குரல் தாழ்ந்துபோவது அவருக்கு அருமையாக வரும். கெய்டாரோவாக யூஜி உயேடாவும் அப்படியே. அசடாக இருப்பவனை அருவருப்பாக ஆக்காமல் பேசுவது எளிதல்ல. தொடரோடு பழகியவர்களுக்கு இந்தக் குரல்களை மறுபடி கேட்பதே ஒரு சந்தோஷம்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

தொலைக்காட்சித் தொடர் மங்காவை அப்படியே எடுத்ததா?

இல்லை. ஸிபெக் நிறுவனம் தயாரிக்க, யோஷியாகி இவாசாகி இயக்கினார். பாத்திரங்களும் அடிப்படைக் கதையும் அதேதான். ஆனால் சம்பவங்களின் வரிசை மாறியிருக்கும், புதிதாகச் சேர்த்த கதைகளும் உண்டு. மங்காவின் பிற்பகுதி அப்போது எழுதப்படவே இல்லை. 25ஆவது எபிசோட் ஒன்று டிவிடியில் தனியாக வந்தது, அது மோடோகோவின் கதை.

அடுத்து வந்த வசந்த ஸ்பெஷலும் இப்படித்தானா?

அது இதைவிட நல்ல படம், தயங்காமல் சொல்வேன். 2001 ஏப்ரல் 2 அன்று வந்தது. ஜப்பானில் கல்வியாண்டு தொடங்கும் நேரம். தேர்வு எழுதிய கெய்டாரோ, இந்த முறையும் தோற்றுவிட்டோம் என்று தானே முடிவு கட்டி ஊரைவிட்டு ஓடிவிடுகிறான். அவனைத் தேடி மற்றவர்கள் கிளம்புகிறார்கள். மங்காவில் வரும் கட்டத்தைத் தழுவியது இது.

இதிலும் அசட்டுத்தனம் நிறைய உண்டு. ஆனால் பலகையில் அந்த எண் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அந்தப் பதிலால் இவர்கள் வாழ்க்கை மாறும். தேர்வு கதைக்குள் திரும்ப வந்ததும் லவ் ஹினாவும் திரும்ப வந்துவிடுகிறது. மூன்று மாத இடைவெளியில் அதே பாத்திரங்களை வைத்து வந்த இரண்டு ஸ்பெஷல்களில் ஒன்று மட்டும் மனதில் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'லவ் ஹினா அகெய்ன்'?

2002இல் மூன்று பாகங்களாக வெளியான ஓவிஏ, அதாவது தொலைக்காட்சிக்குப் போகாமல் நேரடியாக வீடியோவாக வந்த அனிமே. மங்காவின் பிற்பகுதியில் வரும் கனாகோவின் கதை. அவள் கெய்டாரோவின் வளர்ப்புத் தங்கை. விடுதியைப் பழையபடி சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறேன் என்று வந்து நிற்கிறாள். மங்காவில் நீண்டு வரும் பகுதியை மூன்று பாகத்துக்குள் அடக்கியதால் மூச்சு விடாமல் ஓடுகிறது. மங்கா படிக்காதவருக்குக் குழப்பமாகவே இருக்கும்.

கடைசியில் இருவரும் சேர்கிறார்களா? (முடிவு தெரிய வேண்டாம் என்றால் இதைத் தாண்டிப் போங்கள்.)

சேர்கிறார்கள். முடிவுரையில் சில வருடங்கள் கழித்து நடக்கும் திருமணம் வரை மங்கா காட்டுகிறது. ஆனால் தேர்வில் தேறியதும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. தேறிய கையோடு கெய்டாரோவுக்குக் கால் முறிகிறது, அப்புறம் தொல்லியல் படிக்க, தொல்லியலாளர் செடாவோடு வெளிநாடு போகிறான். பிற்பகுதி இழுவை என்று குறைப்படுபவர்கள் உண்டு, கொஞ்சம் இழுவைதான். ஆனால் நரு சொல்ல வேண்டியதைச் சொல்ல எவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது என்பது அங்கே நம்பும்படி இருக்கிறது. ஒரே இரவின் வதந்தியை நம்பி அவசரப்படுத்திய ஸ்பெஷல் மெலிந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று படித்தால் எப்படி இருக்கும்?

சில இடங்களில் கஷ்டமாக இருக்கும். கெய்டாரோ தடுக்கி விழுவதும் நரு ஒரே குத்தில் அவனை வானத்துக்கு அனுப்புவதும் முதல் சில தடவை சிரிப்பு வரும். பத்தாவது தடவை அலுப்புத் தட்டும். அடி வாங்குபவன் மேல் தவறே இல்லாதபோது எரிச்சலும் வரும். பள்ளி வயதுப் பெண்களை வைத்து வரும் கவர்ச்சிக் காட்சிகள் அன்றும் தவிர்த்திருக்க வேண்டியவை, இன்று பார்க்கும்போது முகம் சுளிக்க வைப்பவை. தொலைக்காட்சித் தொடரில் இவை ஓரளவு குறைவு. வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி எனக்கு இன்னும் இந்தக் கதையைப் பிடிக்கிறது. தோற்றவர்களை இது கேலி செய்வதோடு நிறுத்துவதில்லை. திரும்பத் திரும்பத் தோற்கும் ஒருவன் மறுபடி புத்தகத்தைத் திறப்பதைப் பொறுமையாகக் காட்டுகிறது.

கென் அகமாட்சு இப்போது என்ன செய்கிறார்?

லவ் ஹினாவுக்குப் பிறகு 2003இல் தொடங்கி 2012 வரை 'நெகிமா' எழுதினார், அதன் பின் 'யூக்யூ ஹோல்டர்'. 2010இல் விளம்பரங்களோடு மங்காவை இலவசமாகப் படிக்கத் தரும் தளம் ஒன்றைத் தொடங்கி, லவ் ஹினாவின் 14 தொகுதிகளையும் முதலில் அதில் ஏற்றினார். படைப்புச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்து வந்தவர், 2022 ஜூலையில் லிபரல் டெமாக்ரடிக் கட்சி சார்பில் ஜப்பானிய மேலவைக்குப் போட்டியிட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வென்றார்.

புதிதாகத் தொடங்குபவர் எந்த வரிசையில் பார்க்கலாம்?

முடிந்தால் மங்காவின் முதல் மூன்று தொகுதிகளைப் படித்துவிடுங்கள். பிடித்திருந்தால் மிச்சத்தையும் படியுங்கள், கதை முழுமையாக இருப்பது அங்கேதான். அனிமேதான் வேண்டும் என்றால் 24 எபிசோட்கள், பிறகு நேராக வசந்த ஸ்பெஷல். கதைப்படி கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது, ஆனால் அதை விட்டுவிட்டாலும் எதுவும் புரியாமல் போகாது. 'அகெய்ன்' கடைசியில், அதுவும் மங்காவின் கனாகோ பகுதியைப் படித்த பிறகு. இவ்வளவும் முடித்து, நருவின் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அப்போது 'சைலண்ட் ஈவ்' போட்டுப் பாருங்கள்.